ஹார்வர்டு விளையாட்டரங்கமும் மாறிய ஆட்ட விதியும்

கால்பந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காலால் உதைத்து ஆடும் ஆட்டம்தான். அமெரிக்கர் ஃபுட்பால் என்று சொல்வது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எதிரணியை முட்டி மோதி, எல்லைக்கோட்டைத் தாண்டவேண்டும். அந்த ஆட்டம் இன்றைய உருவத்துக்கு வந்ததில் ஒரு பழைய கட்டடத்துக்கும் பங்குண்டு. அதுதான் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம்.

பல்கலைக்கழகம் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்தாலும், அரங்கம் சார்லஸ் ஆற்றுக்கு அக்கரையில், பாஸ்டன் எல்லைக்குள் இருக்கிறது. முன்பெல்லாம் பார்வையாளருக்கு மரப்பலகை வரிசைகள்தான். நெருப்புப் பிடித்தால் அவ்வளவுதான்! 1879இல் பட்டம் பெற்ற மாணவர்கள், 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1,00,000 டாலர் நன்கொடை தந்தார்கள். 1903 கோடையில் வேலை தொடங்கி, நவம்பர் 14ஆம் தேதியே முதல் ஆட்டம் நடந்துவிட்டது. அதில் டார்ட்மவுத் கல்லூரியிடம் ஹார்வர்டு தோற்றது வேறு விஷயம்.

பழங்கிரேக்க அரங்கத்தைப் போலக் குதிரைலாட வடிவம். ஆனால் கட்டியதோ இரும்புக்கம்பி வைத்த கான்கிரீட்டில். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அந்த முறை அன்றைக்கு ரொம்பப் புதுசு. பாஸ்டன் பனிக்காலத்தை இது தாங்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. நூறாண்டு கடந்தும் தாங்கி நிற்கிறது.

சோதனை வேறு பக்கமிருந்து வந்தது. அக்கால ஆட்டத்தில் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. ஆகவே வீரர்கள் கும்பலாகச் சேர்ந்து எதிரணிமீது பாய்வார்கள்; விழுந்தவன் எல்லாருக்கும் அடியில் நசுங்குவான். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 இளைஞர்கள் இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஹார்வர்டின் பழைய மாணவரான குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்திருத்தச் சொன்னார்.

கும்பல் கலைய வேண்டுமானால் ஆட்டம் பரவலாக வேண்டும். அதற்கு 160 அடி அகல ஆடுகளத்தை இன்னும் 40 அடி விரிக்கலாம் என்றார் யேலின் வால்டர் கேம்ப். ஹார்வர்டில் அதெப்படி முடியும்? இரு பக்கமும் புத்தம்புதிய கான்கிரீட் படிகள். மரப்பலகை என்றால் கழற்றித் தள்ளிப் போடலாம். இதை இடிக்கத்தான் வேண்டும். அந்த யோசனை கைவிடப்பட இது ஒரு முக்கியக் காரணமாயிற்று. களத்துக்குப் பதில் விதியை மாற்றினார்கள். 1906 முதல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. மூன்று முயற்சியில் கடக்கவேண்டிய தூரமும் 5 கெஜத்திலிருந்து 10 கெஜமாயிற்று.

மரணங்கள் உடனே நின்றுவிடவில்லை. 1909இல் மறுபடியும் பலர் இறக்கவே, 1910இல் விதிகளை மேலும் திருத்தினார்கள். ஆனாலும் எறிந்து பிடிக்கும் அந்த ஆட்டமே நிலைத்தது.

1984 ஒலிம்பிக்கில் நம்ம உதைபந்தாட்டப் போட்டிகள் சிலவும் இங்கே நடந்தன. 1987இல் அரங்கம் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. அமெரிக்க ஃபுட்பால் களத்தின் அகலமோ இன்றும் அதே 160 அடிதான்.