பட்டுக்குத் தண்ணீர் பயம், நைலானுக்குச் சூடு பயம்

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தது. அம்மாவின் கூரைப்பட்டைத்தான் கட்டுவேன் என்று அவள் அடம்பிடித்தாள். இஸ்திரியை நான் போடுகிறேன் என்று கையில் எடுத்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மாரடிப்பவன் நான். ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி எனக்குத் தெரியாதா?

சூட்டை மிகக் குறைவாக வைத்து, நீராவியை மட்டும் திறந்துவிட்டேன். சூடு குறைந்தால் ஆபத்தும் குறைவு என்பது என் கணக்கு. முந்தானையில் பொட்டுப் பொட்டாகப் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் காலை சேலையோடு ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்து வண்ணாந்துறைக்குப் போனேன். தமிழகத்திலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்த இடம் அது. அங்கிருந்த பெரியவர் கறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“எந்தத் துணிக்கு எது பயம்னு முதல்ல தெரிஞ்சுக்கணும் தம்பி. பட்டுக்குத் தண்ணி பயம். நைலானுக்குச் சூடு பயம். பருத்திக்கு ரெண்டும் பயமில்ல, ரெண்டும் வேணும்.”

என் தவறு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் நீராவியாக 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். அடித்தட்டில் போதிய சூடு இல்லாவிட்டால் உள்ளே போன தண்ணீர் ஆவியாகாமல் அப்படியே ஓட்டை வழியே ஒழுகும். என் பெட்டியில் போன மாதத் தண்ணீர் வேறு கிடந்தது. பழுப்பு நிறம் அதிலிருந்து வந்ததுதான். திருகியில் நீராவிக்குறி எங்கே தொடங்குகிறதோ, அதற்குக் கீழே நீராவியை மூடிவிட வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் சீட்டை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? அதிலுள்ள இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி வரை: நைலான், அக்ரிலிக். இரண்டு புள்ளி 150: பட்டு, கம்பளி, பாலியஸ்டர். மூன்று புள்ளி 200: பருத்தி, லினன். பெட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் இஸ்திரியே கூடாது. அடியில் நீராவிக் கோடுகளை அடித்திருந்தால் நீராவி மட்டும் கூடாது. பிள்ளைகளின் பள்ளிச் சீருடை பெரும்பாலும் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது. கலப்புத் துணியில் சூடு தாங்காத நூலுக்கே சூட்டை வைக்க வேண்டும். பருத்தி அளவுக்கு ஏற்றினால் துணியில் பளபளப்பு ஏறிவிடும்.

பட்டுச்சேலையை உட்புறம் திருப்பி, மேலே மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, நீராவி இல்லாமல் போட வேண்டும். சரிகையில்தான் சூட்சுமம். அசல் சரிகை பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசியது. லிட்டில் இந்தியாவில் மலிவாகக் கிடைக்கும் சேலைகள் பலவற்றில் இருப்பதோ, உலோகம் பூசிய பிளாஸ்டிக் இழை. அதில் சூடான பெட்டியை வைத்தால் சுருண்டு போகும். ஒட்டுக்கல், ஜமிக்கி வைத்த ரவிக்கையும் அப்படித்தான். அச்சிட்ட டி-சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். வெல்வெட்டை அழுத்தவே கூடாது. பின்பக்கமிருந்து நீராவி மட்டும் காட்டினால் போதும். வேட்டிக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை: அரை ஈரம், முழுச் சூடு.

அந்தக் காலத்தில் பெட்டிக்குள் கரி நெருப்பு கண்ணுக்குத் தெரிந்ததால் குழந்தைகள் கிட்டே வராது என்றார் பெரியவர். இப்போது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெட்டி வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பி மேசையிலிருந்து தொங்கினால் சின்னக் கை இழுத்துவிடும். நீராவி சுட்டால் பற்பசை தடவாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். உடுத்திய துணிமேல் நீராவி பிடிப்பதும் வேண்டாம். அவசரத்தில் அதையும் செய்தவன் நான்.

இன்னொன்று. 2,400 வாட் பெட்டி ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். நீட்டிப்புக் கம்பியில் சோற்றுப் பானையோடு சேர்த்துச் செருகினால் 13 ஆம்பியர் எல்லையை நெருங்கியோ தாண்டியோ கம்பி சூடேறலாம், சுவரிலேயே செருகுங்கள். இணையத்தில் மலிவாக வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியவர் உறுதி எதுவும் தரவில்லை. இரண்டாம் நாள் சேலை வந்தது. கறை பெரும்பாலும் மங்கியிருந்தது. தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். அந்த இடம் மடிப்புக்குள் போகும்படி அம்மா தங்கைக்குக் கட்டிவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் இஸ்திரி என் வேலை. பட்டு மட்டும் இன்னும் என் கைக்கு வரவில்லை.