வண்டூர்க் கடலும் விடுதி அறைத் தொட்டியும்

தென் அந்தமான் தீவின் தென்மேற்குக் கரையில் வண்டூர் என்றோர் ஊர் உண்டு. போர்ட் பிளேயரில் (2024 முதல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) பேருந்து ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். 1983 இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அவ்வூரே வாயில். 15 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 281.5 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடையது அப்பூங்கா. வண்டூர்ப் படகுத் துறையிலிருந்து ஆண்டின் ஒரு பகுதியில் ஜாலிபாய்த் தீவுக்கும், மறு பகுதியில் ரெட்ஸ்கின் தீவுக்கும் படகு விடுகின்றனர். ஒன்றில் மனிதர் நடமாடும்போது மற்றது இளைப்பாறுகிறது.

சென்ற விடுமுறையில் நானும் என் அறைத் தோழரும் அங்கே சென்றிருந்தோம். கண்ணாடித் தளம் பொருத்திய படகில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கடற்சாமந்தி ஒன்றின் விரல்களிடையே இரண்டு கோமாளி மீன்கள் விளையாடுவது தெரிந்தது. செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டைகள். தோழர் என் காதருகே வந்து, "இதில் இரண்டைப் பிடித்து ஒரு பாட்டிலில் போட்டால் நம் அறைக்கு எவ்வளவு அழகாக இருக்கும்!" என்றார். பூங்காவுக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது என்று படகுத் துறையிலேயே பாட்டிலை வாங்கி வைத்துவிட்டார்கள் என்பதை அவர் மறந்துவிட்டார். ஆனால் அவருடைய ஆசை அன்று தோன்றி அன்றே மறைந்ததன்று. ஊர் திரும்பிய பின்னும், "கடலில் அவ்வளவு சமாதானமாக வாழ்கின்றனவே, தொட்டியில் ஏன் வாழா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குச் சொன்ன விடையைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

அந்தச் சமாதானம் எப்படிப்பட்டது என்பதை முதலில் காண வேண்டும். கடற்சாமந்தி பூவன்று, விலங்கு. அதன் விரல்களெங்கும் கொட்டும் அணுக்கள் நிறைந்திருக்கின்றன. வேறு சிறு மீன் தவறி உரசினால் அதற்கே இரையாகிவிடும். கோமாளி மீனின் உடலிலுள்ள வழுவழுப்பான படலம் அதனைக் காக்கிறது. வீடு பெற்ற மீன் வாளா இருப்பதில்லை. சாமந்தியைக் கொறிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களைத் துரத்தி அடிக்கிறது. இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததே. அவ்வளவாகத் தெரியாத மூன்றாம் பங்காளி ஒருவர் இருக்கிறார். சாமந்தியின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. மீனின் கழிவிலுள்ள அம்மோனியா அப்பாசிக்கு உரம். பாசி வெயிலில் சமைக்கும் மாவுச்சத்தில் பெரும்பங்கு சாமந்திக்கு உணவு. ஒருவரின் குப்பை மற்றவரின் சோறு! இந்தப் பங்காளி வெளியேறினால் என்ன ஆகும் என்பதை அந்தமான் கண்டிருக்கிறது. 1998 இலும் 2010 இலும் கடல்நீர் அளவு கடந்து சூடேறியபோது, பவழங்கள் தம்முள் வாழ்ந்த பாசியை இழந்து வெளுத்துப்போயின.

கோமாளி மீன்களுக்குள்ளேயுங்கூட அந்தச் சமாதானம் அன்பினால் மட்டும் வருவதன்று. ஒரு சாமந்திக்கு ஒரு குழு. அதில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், ஏனையவை குஞ்சு பொரிக்க உரிமையில்லாத சிறியவை. பெண் இறந்தால் ஆண் மீன் பெண்ணாக மாறுகிறது. வரிசையில் அடுத்தது ஆணாக முதிர்கிறது. பாப்புவா நியூகினியில் இதன் நெருங்கிய உறவு மீன்களை ஆராய்ந்த பீட்டர் பஸ்டன் என்பார் 2003 இல் ஒரு விந்தையை வெளியிட்டார். ஒவ்வொரு சிறு மீனும் தனக்கு மேற்பட்டதை எட்டிப் பிடித்துவிடாதபடி தன் வளர்ச்சியையே அடக்கிக்கொள்கிறதாம். எட்டிப் பிடித்தால் வெளியே துரத்தப்படும். சாமந்தியை விட்டு வெளியேறுவது சாவுக்குச் சமம். விடுதிச் சாப்பாட்டு வரிசையில் இவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை!

ஆகவே, சாதுவான மீன், முரட்டு மீன் என்று பெயர்ப் பட்டியல் பார்த்து வாங்குவதால் மட்டும் தொட்டியில் அமைதி வந்துவிடாது. இடம், ஒளிவிடம், கழிவு போகும் வழி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதனை உண்டாக்குகின்றன.

இதனை முதன்முதலில் தொட்டிக்குள் முயன்று பார்த்தவர்களுள் ஒருவர் இலண்டனில் வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் எனும் இரசாயன அறிஞர். 1849 இல் சுமார் 12 காலன் நீர் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்தார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி கொள்ளும். செடி விடும் பிராணவாயுவை மீன் கொள்ளும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆயினும் பழுத்த இலைகள் அழுகின, கண்ணாடியில் பாசி படிந்தது, நீர் கலங்கியது. அவர் மீனையும் மாற்றவில்லை, செடியையும் மாற்றவில்லை. சில நீர் நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. 1850 இல் இச்செய்தியை இரசாயனக் கழகத்தில் தெரிவித்தார். 1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன் கூடம் திறந்தார்கள். 1909 இல் நம் சென்னைக் கடற்கரைக்கும் ஒரு மீன் காட்சிச் சாலை வந்தது.

வாரிங்டன் கண்ணுக்குப் புலப்படாத வேலையாள் இன்னொருவர் அப்பாத்திரத்தில் இருந்தார். மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாகின்றன. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதில் தீங்கு மிகக் குறைவு, செடிக்கோ அது உரம். இம்மாற்றம் இரு படிகளில், இரு வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்பதை மண்ணில் ஆராய்ந்து காட்டியவர் யார் தெரியுமா? அதே வாரிங்டனின் மகன்! அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். தந்தையின் மீன் தொட்டிக்கு வேண்டியிருந்த விடை மகனுக்கு வயல் மண்ணில் கிடைத்தது.

இதனை அறியாமல் நான் செய்த கொலைகளை மறைப்பதற்கில்லை. முதலாண்டில் ஒரு கடைக்குப் போய்த் தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கினேன். நான்கு புலி கெண்டை, ஒரு ஏஞ்சல், ஒரு தங்க மீன், கண்ணாடியை நக்கித் துடைக்கும் என்று சொல்லி ஒரு சக்கர் மீன். "எல்லாம் சேரும் தம்பி, தைரியமாகக் கொண்டு போங்க" என்றார் கடைக்காரர். மறுநாளே புலி கெண்டைகள் ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் கிழித்தன. தங்க மீன் செடியைப் பிடுங்கித் தின்றது. ஐந்தாம் நாள் காலை நீர் பால்போல் வெளுத்திருக்க, ஏஞ்சலும் இரண்டு கெண்டைகளும் மிதந்தன. சண்டையால் செத்தன என்று அன்று நினைத்தேன். அம்மோனியாவால் செத்தன என்று இன்று நினைக்கிறேன். புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். நான் ஒரு மணி நேரங்கூடக் கொடுக்கவில்லை.

தப்பிய சக்கர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு முழத்துக்கும் மேல் வளரக்கூடியது. வளர்ந்தபின் வைத்திருக்க முடியாமல் பலர் ஏரியிலும் ஆற்றிலும் விட்டுவிடுகின்றனர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துத் தொல்லை தருகிறது. தொட்டி மீனைக் குளத்தில் விடுவது தருமம் என்று எண்ணுபவர் இதனை நினைவிற் கொள்க.

இனி, என்ன மீன் வாங்கலாம்? இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உடைய, 60 லிட்டர் கொள்ளும் தொட்டியை வைத்துச் சொல்கிறேன். (60 லிட்டர் நீர் 60 கிலோ எடை. கல்லும் கண்ணாடியும் தனி. ஆடும் மேசைமேல் வைத்துவிடாதீர்கள்.) ஒன்றன் வாய்க்குள் மற்றொன்று நுழையும் அளவிலுள்ள மீன்களை ஒருநாளும் சேர்க்கலாகாது. சிறுவயதில் சாதுவாயிருக்கும் ஏஞ்சல், வளர்ந்தபின் சிறிய நியான் மீன்களை விழுங்கிவிடும். அதில் கோபம் ஒன்றுமில்லை, பசிதான். கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வாங்குவதும் தவறு. என் புலி கெண்டைகளை எட்டுக்குக் குறையாமல், பெரிய தொட்டியில், தனியாக வைத்திருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடியிருக்கும்.

கடியாத மீன்களுக்குள்ளும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் காலந்தாழ்ந்து கற்றது. கங்கை, பிரம்மபுத்திராப் படுகையிலிருந்து வரும் தேன் குராமி மெல்ல நீந்தும் கூச்சக்கார மீன். நம் நாட்டு ஓடைகளுக்கே உரிய வரிக்குதிரை மீன், அதாவது ஆராய்ச்சிச் சாலைகளில் புகழ்பெற்ற சீப்ரா மீன், மின்னல் போல ஓடும். இரண்டும் சாதுவே. ஆனால் இரை தூவிய மாத்திரத்தில் சீப்ரா முழுவதையும் பறித்துக்கொள்ளும். குராமி மூலையில் நின்று மெலியும். ஆதலால் குராமிக்கு ஏற்ற துணை இலங்கையின் தென்மேற்கு ஓடைகளில் வாழும் செர்ரி கெண்டை என்பேன். அதுவும் நிதானமானது, நிழலை விரும்புவது. தேன் குராமி ஒரு சோடி, செர்ரி கெண்டை ஆறு அல்லது எட்டு, செடி தின்னாத சிறு நத்தை சில. அவ்வளவு போதும். ஆண் கெண்டை ஒன்றுக்கு இரண்டு பெண் என்றிருந்தால் துரத்தல் குறையும். சீப்ராவின் ஓட்டத்தை விரும்புவோர் அதனை மட்டும் பத்தாக வளர்க்கட்டும்; குறையொன்றுமில்லை.

செடிகளை அழகுக்கு வைப்பதாகப் பலர் நினைக்கின்றனர். அவையே தொட்டியின் சுவர்கள். துரத்தப்பட்ட மீன் துரத்துவதன் கண்ணுக்கு மறைந்துவிட்டால், பெரும்பாலும் சண்டை அத்துடன் நின்றுவிடும். பின்புறம் வாலிஸ்னேரியாவை நெருக்கமாக நடலாம். புனலும் சோதனைக் குழாயும் கொண்டு பள்ளியில் குமிழி எண்ணினோமே, அந்த ஹைட்ரில்லா விரைந்து வளர்ந்து அம்மோனியாவை உறிஞ்சும். வாரந்தோறும் கத்தரிக்க வேண்டியிருக்கும். முன்புறத்துக்கு இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகோரைன். இது நட்ட சில நாளில் இலையெல்லாம் கரைந்து செத்ததுபோலக் காட்டும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்; வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஜாவா பெரணியை மணலில் புதைத்தால் அதன் தண்டு அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுவதே முறை. மேலே சில மிதவைச் செடிகள் இருந்தால் ஆண் குராமி அவற்றினடியில் நுரைக் கூடு கட்டும். இரவில் செடிகளும் பிராணவாயுவை உட்கொள்ளுமாதலால், காற்றுக் குமிழி விடும் கருவியை இரவில் நிறுத்தலாகாது.

கோமாளி மீனுக்கு வருவோம். தேசியப் பூங்காவிலிருந்து எந்த உயிரையும் பிடித்துச் செல்வது குற்றம். பவழங்களும் கடற்குதிரைகளும் 2001 இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு ஒரு வரிசையில் சேர்க்கப்பட்டன. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், கொண்டுவரக்கூடியது மீன்தான்; அந்த ஏற்பாடு அன்று. சாமந்திக்குள்ளிருக்கும் பாசிக்குக் கடும் ஒளி வேண்டும். நீரின் உப்பும் சூடும் சிறிதும் மாறலாகாது. மின்சாரம் ஒருநாள் நின்றால் மூன்று பங்காளிகளும் ஆபத்தில். உவர்நீர்த் தொட்டி வைத்தே தீருவேன் என்பவர், தொட்டியில் பொரித்து வளர்ந்த குஞ்சுகளையே கேட்டு வாங்கட்டும். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் அவ்வாறு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அம்மீன்கள் சாமந்தி இல்லாமலும் வாழும். ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக வாங்கினால் யார் பெரியவர் என்ற வழக்கு எழாது.

தோழர் கடைசியில் நன்னீர்த் தொட்டிக்கே இசைந்தார். குழாய் நீரிலுள்ள குளோரின் போவதற்காக அதனை ஒருநாள் வாளிகளில் திறந்து வைத்தோம். பின்பு மணல் பரப்பிச் செடி நட்டு, தினம் ஒரு சிட்டிகை இரையை வெறும் நீரில் தூவி வருகிறோம், நுண்ணுயிருக்கு விருந்து! சோதனைத் திரவத்தைச் சொட்டிப் பார்த்ததில் சென்ற வாரம் அம்மோனியா ஏறியிருந்தது. இந்த வாரம் இறங்கி, நைட்ரைட்டு ஏறியிருக்கிறது. எதிரறை நண்பர்கள் தினமும் எட்டிப் பார்த்து, "மீன் எங்கே ஐயா?" என்று நகைக்கின்றனர். தோழர் சுவரில் மாட்டிய நாட்காட்டியைக் காட்டி, "இன்னும் மூன்று வாரம்" என்கிறார்.