தோற்ற அணிக்கும் ஒரு நாற்காலி

2017 மே மாதம் கனடாவின் வின்ட்சர் நகரில் ஜூனியர் ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான மெமோரியல் கோப்பையைத் தூக்கிய ஸ்பிட்ஃபயர்ஸ் அணி, அந்த ஆண்டு தன் லீக்கின் பிளேஆஃபில் முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. அதன் பிறகு 44 நாள் ஆட்டமே இல்லை. போட்டியை நடத்தும் ஊரின் அணி என்பதால் அதற்கு ஓர் இடம் காத்திருந்தது. வந்தது, தன் லீக்கின் சாம்பியனான ஈரி ஆட்டர்ஸை இறுதியில் 4–3 என வீழ்த்தியது. 2022-இல் செயின்ட் ஜான் சீ டாக்ஸுக்கும் இதே கதை: லீக்கில் முதல் சுற்றோடு சரி, கடைசியில் கோப்பை. 2024-இல் சாகினா ஸ்பிரிட், லீக் பிளேஆஃபில் தன்னை வெளியேற்றிய லண்டன் நைட்ஸையே இறுதியில் தோற்கடித்தது. 2017 முதல் 2024 வரை நடந்தவை ஆறு போட்டிகள்தான். கொரோனா இரண்டை விழுங்கிவிட்டது. அந்த ஆறில் மூன்று, தங்கள் லீக்கை வெல்லாத உள்ளூர் அணிகளுக்குப் போயின. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. பிராந்தியப் பட்டம் என்ற படியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விருந்தோம்பலை வைத்ததன் விளைவு இது.

அந்தப் படிக்கு ஒரு பெயர் இருந்தது: ஆபட் கோப்பை. முதல் உலகப் போரில் 1918-இல் மடிந்த ரெஜைனா நகர ஹாக்கி வீரர் கேப்டன் ஆபட்டின் நினைவாக, மேற்குக் கனடாவின் ஜூனியர் சாம்பியனுக்கு 1919 முதல் தரப்பட்டது. கிழக்கில் அதற்கு இணை, 1932-இல் வந்த ஜார்ஜ் ரிச்சர்ட்சன் கோப்பை. அவரும் அதே போரில் இறந்தவர்தான். மேற்கை வென்றவரும் கிழக்கை வென்றவரும் மோதினால் மெமோரியல் கோப்பை. அவ்வளவு எளிய ஏற்பாடு. அதில் ஒரு சின்ன ஊருக்கும் வழி இருந்தது. மனிடோபா மாகாணத்தின் வடபகுதியில், பாறைமேல் எழுந்த சுரங்க ஊர் ஃபிளின் ஃபிளான். மண்ணைத் தோண்ட வழியில்லாததால் குழாய்களை மரப்பெட்டிக்குள் வைத்துத் தரைமேலேயே ஓட்டிய ஊர். பெயர்கூட ஒரு மலிவு விலை நாவலின் நாயகனிடமிருந்து வாங்கியது. 1957-இல் அந்த ஊரின் பாம்பர்ஸ், மேற்கை வென்று இறுதிக்கு வந்து, ஒட்டாவா அணியை ஏழு ஆட்டத் தொடரில் 4–3 என மடக்கியது. யாரும் அழைத்து வந்த அணி அல்ல அது. எட்மன்டன் ஆயில் கிங்ஸ் 1960 முதல் 1966 வரை ஏழு ஆண்டு தொடர்ந்து இறுதிக்கு வந்ததும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் மேற்கைப் புதிதாக வென்று. கோப்பை கிடைத்தது இரண்டு முறைதான். ஆனாலும் அந்த ஏழு மேற்குப் பட்டங்களை யாரும் தோல்விக் கணக்கில் எழுதவில்லை.

1970-இல் ஜூனியர் ஹாக்கி இரண்டு அடுக்காகப் பிரிக்கப்பட்டது. ஆபட் கோப்பை கீழடுக்குக்குப் போனது. மெமோரியல் கோப்பைக்காக 1972 முதல் மேலடுக்கின் மூன்று லீக் சாம்பியன்கள் ஒரே ஊரில் கூடி ஆடினார்கள். 1983-இல் நான்காவதாக, நடத்தும் ஊருக்கு ஓர் இடம் சேர்ந்தது. அந்த முதல் ஆண்டே அமெரிக்காவின் போர்ட்லண்ட், லீக் இறுதியில் லெத்பிரிட்ஜிடம் தோற்றும், கோப்பையை எடுத்துக்கொண்டது. எச்சரிக்கை மணி அன்றைக்கே அடித்தாயிற்று.

பழைய முறை புனிதமானதா என்று கேட்பார்கள். இல்லை. 1919-இன் முதல் இறுதியில் டொராண்டோ பல்கலைக்கழகப் பள்ளி அணி, ரெஜைனாவை இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 29–8 என நசுக்கியது. ஒருதலைப்பட்ச இறுதிகள் அப்போதும் உண்டு. உள்ளூர் அணி இல்லாவிட்டால் அரங்கு நிரம்பாது என்பார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. டிக்கெட் விற்றால்தான் போட்டி நடக்கும். உள்ளூர் அணியும் சாம்பியன்களைத்தானே வீழ்த்த வேண்டும் என்பது மூன்றாவது வாதம், கேட்க நியாயமாகவே படும். ஆனால் லீக் சாம்பியன், ஏழு ஆட்டத் தொடர்கள் பலவற்றைத் தாண்டி அடிபட்டு வந்து நிற்கிறது. எதிரே நிற்பதோ வாரக்கணக்கில் காயம் ஆற்றி, பயிற்சி செய்து வந்த அணி. நடத்தும் உரிமை முன்பே தெரிந்துவிடுவதால், ஜனவரிக் கெடுவுக்குள் பிற அணிகளிடமிருந்து தேர்ந்த வீரர்களை வாங்கிக்கொள்ளவும் அதற்கு நேரம் இருக்கிறது. ஆடுபவர்கள் இருபதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பையன்கள். பனிக்காலம் முழுக்கப் பஸ்ஸில் பயணித்து ஜெயித்தவர்களுக்கும், வீட்டில் காத்திருந்தவர்களுக்கும் ஒரே கோடு போடுவது சரியல்ல.

உள்ளூர் அணிக்கு இடம் இருக்கட்டும், கூட்டமும் வரட்டும். ஆனால் தன் லீக்கின் அரையிறுதியையாவது எட்டிய அணிக்கு மட்டும் அந்த இடம். எட்டாவிட்டால் அரங்கு அந்த ஊருடையது, நாற்காலி லீக் இறுதியில் தோற்ற அணிக்கு.