சொல் வாழும் இடம்

வெதுருகுப்பம் என்னும் ஊர்ப்பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தெலுங்கில் ‘வெதுரு’ என்றால் மூங்கில். சங்கத் தமிழில் மூங்கிலுக்கு ‘வெதிர்’ என்றும் பெயர். ஓரினத்துச் சொற்களான இவ்விரண்டனுள் ஒன்று இன்றும் மக்கள் நாவில் வாழ்கிறது. மற்றொன்று நம்மிடையே வழக்கிழந்து ஏட்டில் உறங்குகிறது. வழங்கினால் சொல் வாழும். வழங்காவிடில் மறையும் என்பதை நம் ஊர்ப்பெயரே உணர்த்துகின்றது.

புதுச்சொற்கள் மொழிக்குள் வரும் வழிகள் பல. ஒன்று, கடன் கொள்ளுதல். ‘ரவிக்கை’ தெலுங்கு தந்தது. ‘சாவி’, ‘ஜன்னல்’, ‘அலமாரி’ ஆகியவை போர்த்துக்கீசியர் வழி வந்தவை. அதே ஜன்னல் அண்டை வீட்டுத் தெலுங்கருக்குக் ‘கிடிகி’. அஃது இந்தி வழிச் சொல். திசைச்சொல்லையும் வடசொல்லையும் தமிழ்ச் செய்யுட்குரிய சொற்களுள் வைத்து எண்ணினார் தொல்காப்பியர். ஆதலின், கடன் கொள்வது இழுக்கன்று.

மற்றொன்று, நம் வேர்ச்சொற்களைக் கொண்டே ஆக்குதல். 1916-ஆம் ஆண்டிலேயே இராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பின்னர்ப் பேருந்து, தொலைபேசி, கணினி போன்ற சொற்கள் வேரூன்றின. ‘இணையம்’ என்னும் சொல்லைத் தந்தவர் சிங்கப்பூர்த் தமிழறிஞர் நா. கோவிந்தசாமி என்பர். கடல் கடந்து குடியேறிய தமிழரும் தாய்மொழிக்குச் சொல் வழங்கியது நமக்குப் பெருமையன்றோ!

ஆயினும் ஆக்கிய சொல் அனைத்தும் வாழ்வதில்லை. ‘மிதிவண்டி’ நிலைத்தது, ‘குளம்பி’யோ காபியை வெல்லவில்லை. அறிஞர் சொல்லை ஆக்கலாம். அதற்கு உயிர் கொடுப்பவர் மக்களே.

இங்கேதான் நம் கவலை எழுகின்றது. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வளரும் நம் பிள்ளைகளுட் பலர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். பயிலட்டும், தெலுங்கு நம் உடன்பிறந்த மொழி. ஆனால் அறிவியலும் தொழிலும் சட்டமும் பிறமொழிச் சொற்களாலேயே அவர்கள் செவிக்கு எட்டுமாயின், தமிழ் அவர்களுக்குச் சோறு கேட்கும் மொழியாக மட்டும் சுருங்கிவிடும். அடுத்த தலைமுறை அதையும் கைவிடக்கூடும்.

பெற்றோர்களே! இரவு உணவின்போது நாளுக்கொரு புதுச்சொல்லைப் பிள்ளைகளோடு பேசிப் பழகுங்கள். அவர்கள் பள்ளியில் கற்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று வினவுங்கள். தெரியாவிடில் சேர்ந்து அகராதியைப் புரட்டுங்கள். சொல் பிறப்பது எங்கேயாயினும், அது வாழ்வது வீட்டில்தான்.