அணிச்சலில் மின்னும் பொன்தூள்: எது உணவு, எது உலோகம்?

மாணவர்களே, சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ அண்மையில் பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தால், வெண்ணெய்க் கிரீம் பூசிய அணிச்சலின் ஓரம் பொன்னாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அணிச்சல் செய்து விற்பவர்கள் சிறு டப்பாவிலிருந்து தூரிகையால் தொட்டுத் தடவும் தூள் அது. தங்கமா? விலையைப் பார்த்தாலே இல்லை என்று தெரிந்துவிடும். பிறகு எப்படி மின்னுகிறது?

மழை விட்டபின் தோட்டத்துச் சாலையில் தேங்கிய நீரைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து சொட்டிய எண்ணெய் அதன்மேல் மெல்லிய படலமாகப் பரவி நீலமும் ஊதாவும் பொன்னிறமும் காட்டும். எண்ணெயில் அந்தச் சாயங்கள் இல்லை. படலத்தின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில மங்குகின்றன. இதுவே ஒளியின் குறுக்கீட்டு விளைவு.

உண்ணத்தக்க மின்னும் தூளிலும் இதே வித்தைதான். நம் பாட்டிமார் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்காவின் நுண்ணிய தகடுகள்மேல் டைட்டானியம் டையாக்சைடு பூசப்பட்டிருக்கும். பூச்சின் தடிப்பு தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைச் சற்றுக் கூட்டினால் வெள்ளி நிறம் பொன்னாகும். இன்னும் கூட்டினால் சிவக்கும். (ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் டைட்டானியம் டையாக்சைடை உணவில் தடை செய்தது. பல நாடுகள் இன்னும் அனுமதிக்கின்றன.)

இந்தத் தூளைத் தண்ணீரில் குழைத்தால் வெண்ணெய்க் கிரீமில் ஒட்டாது. கொழுப்பு நீரை விலக்கிவிடும். நம் ஊர் வெயிலில் இளகிய கிரீமில் தூரிகை பட்டால் பள்ளம் விழும். அதனால் அணிச்சலைக் குளிர்பெட்டியில் இறுக வைத்து, உலர்ந்த தூரிகையால் தடவுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இதே மினுமினுப்புடன் உண்மையான செம்புத்தூளும் பித்தளைத்தூளும் விற்பனைக்கு வருகின்றன. அவை கைவினைப் பொருள்களுக்கானவை. கண்ணால் பிரித்தறிய முடியாது. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தநாள் அணிச்சல் தின்ற ஆறு சிறுவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டனர். மேலே பூசிய ‘ரோஸ் கோல்ட்’ தூள் நுண்ணிய செம்பு! மறு ஆண்டு மிசூரியில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் காரீயம் கூடியிருந்தது. காரணம் அணிச்சல் பூக்களில் தடவிய மஞ்சள் தூள்.

“செம்பு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு வினைபுரியாதே?” என்று படிவம் நான்கு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. செம்பால் அமிலத்திலுள்ள ஹைட்ரஜனை இடம்பெயர்க்க முடியாது என்பது சரிதான். ஆனால் காற்றுப்பட்ட செம்பின்மேல் ஆக்சைடு படியும். அந்த ஆக்சைடு அமிலத்தில் கரையும். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சிடுவது இதனால்தான். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கும்முன் உள்ளே ஈயம் பூசியதும் (அது வெள்ளீயம், காரீயம் அல்ல) செம்பு குழம்பில் கரையாதிருக்கத்தான். பாத்திரத்தைவிடத் தூளுக்குப் பரப்பளவு பன்மடங்கு அதிகம், ஆக்சைடும் அதிகம். கரைந்த செம்பு இரைப்பையை எரிச்சலூட்ட, வாந்தி வருகிறது. தங்கத்தில் ஆக்சைடு படியாது. ஆகவே இ175 என்ற குறியீடுள்ள உணவுத் தங்க இழை வயிற்றில் கரையாமல் வெளியேறிவிடும்.

டப்பாவில் ‘நச்சற்றது’ என்று மட்டும் இருந்தால் போதாது. உங்கள் வண்ண மெழுகுப் பெட்டியிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். யாரும் அதைத் தின்பதில்லை. ‘போலே டிமாக்கான்’, அதாவது உண்ணலாம் என்ற சொல்லையும், சேர்மானப் பட்டியலையும் தேடுங்கள். ‘ஹன்யா உந்தோக் ஹியாசான்’ என்றிருந்தால் அது அலங்காரத்துக்கு மட்டுமே. பட்டியலே இல்லாத சிறு பொட்டலமாகப் பிரித்துக் கட்டி விற்றால், கடைக்காரரிடம் மூலப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.