நீலப் பிளக்கை எறிய வேண்டாம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு சனசமூக நிலையத்திலோ ரியூசன் கொட்டகையிலோ கூரையில் தொங்கும் புரொஜெக்டர் பெரும்பாலும் பழையதாகத்தான் இருக்கும். அதிலிருந்து சுவர் வழியே இறங்கும் தடித்த வயரின் நுனியில் நீலநிறப் பிளக். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளையின் லப்டொப்பில் அதைச் செருக இடமில்லை. உடனே, "புதுசு வாங்குவம்" என்று காசு சேர்க்கத் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்த நீலப் பிளக்கின் பெயர் வி.ஜி.ஏ. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது. இன்டெல், ஏ.எம்.டி. உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் 2015க்குள் அதைக் கைவிடப்போவதாக 2010 டிசம்பரில் அறிவித்தன. அந்த நாட்களில் யாழ்ப்பாணம் நாட்டின் மின்கட்டமைப்போடு மீண்டும் இணைந்திருக்கவில்லை. சுன்னாகத்து டீசல் மின்பிறப்பாக்கிகள்தான் எங்களுக்கு வெளிச்சம் தந்தன. உலகம் அதைக் கழித்துவிடத் தீர்மானித்த காலத்தில்தான் நாங்கள் மண்டபங்களுக்குப் பொருள் வாங்கவே தொடங்கினோம். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எறிய எங்களுக்கு என்ன அவசரம்?

அதைத் திருத்துவதும் சுலபம். 15 பின்களில் முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். நீலம் அறுந்தால் வெள்ளைத் திரை மஞ்சளாகும். பச்சை அறுந்தால் உயிரியல் வகுப்பில் இலையின் படத்தில் பச்சையே இராது, வெள்ளைப் பின்னணி ஊதா கலந்த சிவப்பாகும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின் ஒன்று வளைந்திருந்தால் மெல்லிய குறட்டால் நிமிர்த்தலாம்.

புதிய லப்டொப்பில் இருக்கக்கூடிய துளைகளில் ஒன்று எச்.டி.எம்.ஐ.; 2002இல் வந்த அது படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். ஆனால் அதில் ஓடுவது டிஜிட்டல் சமிக்ஞை, வி.ஜி.ஏ.யில் ஓடுவது அனலொக். ஆகவே வெறும் வயரால் இரண்டையும் இணைக்க முடியாது. உள்ளே சிப் உள்ள மாற்றி வேண்டும். அந்தச் சிப்புக்கு லப்டொப் தரும் சிறு மின்சாரம் சிலவேளை போதாமல், படம் வந்து வந்து மறையும். தனியாக மின்சாரம் கொடுக்கும் துளையும் ஒலிக்கான துளையும் உள்ள மாற்றியாகப் பார்த்து வாங்குங்கள். படம் சப்பையாகவோ எழுத்து மங்கலாகவோ தெரிந்தால் லப்டொப்பில் 1024 × 768 என்று வைத்துப் பாருங்கள். பழைய புரொஜெக்டர்கள் பலவற்றின் இயல்பான அளவு அதுதான்.

மற்றத் துளையான யூ.எஸ்.பி. சி விடயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். துளையின் உருவம் எல்லாவற்றிலும் ஒன்றே; ஆனால் சிலது சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டும். பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் அடையாளமோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லாவிட்டால் மாற்றி வாங்குமுன் அந்த மாடலின் விபரத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் துளையைக் கட்டாயமாக்கியதும் சார்ஜ் ஏற்றத்தான்; படத்துக்கு அந்தச் சட்டத்தில் உத்தரவாதம் இல்லை.

புதிதாக மண்டபம் கட்டுபவர்கள் சுவர் பூசுமுன் குழாய் பதித்து வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ. இரண்டு வயரையும் இழுத்துவிடுங்கள். 15 மீற்றர் போனால் வி.ஜி.ஏ. கொஞ்சம் மங்கும், ஆனாலும் வாசிக்கலாம். சாதாரண எச்.டி.எம்.ஐ. வயர் அந்தத் தூரத்தில் படமே தராமல் விடக்கூடும். குழாயை அகலமாகப் போட்டால், நாளை வேறு வயர் வந்தாலும் சுவரை உடைக்கத் தேவையில்லை.