‘ஐ’யும் ‘மீ’யும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கர், பல்லாண்டு பயின்ற பின்னரும் ‘ஐ’, ‘மீ’ என்னும் இரு சிறு சொற்களிடத்தே இடறக் காண்கின்றோம். தமிழிலக்கணம் கற்றார்க்கு இவ்விடர் பெரிதன்று. ஆயினும் தமிழ் எவ்வளவு தூரம் துணைவரும் என்பதை அறிதல் வேண்டும்.

கோட்டைப்பட்டினத்துக் கடற்றுறையில் ஒருவர், ‘மீனவன் சுறாவைக் கண்டான்’ என்றாலும், ‘சுறாவை மீனவன் கண்டான்’ என்றாலும் பொருள் ஒன்றே. ‘ஐ’ உருபு செயப்படுபொருளைக் காட்டுதலின், சொற்கள் இடம் மாறினும் கேடில்லை. ஆங்கிலத்தில் அவ்விரு பெயர்களையும் மாற்றிவைப்பின், சுறாவே மீனவனைக் கண்டதாய் முடியும். பழைய ஆங்கிலத்தில் பெயர்களும் வேற்றுமைக்கேற்ப ஈறு திரிந்தன. அவ்வீறுகள் தேய்ந்தொழியவே, சொல் நிற்கும் இடம் பொருளை உணர்த்துவதாயிற்று. எழுவாயையும் செயப்படுபொருளையும் வேறுபடுத்தும் திரிபு இன்று பிரதிப்பெயர்களிலேயே எஞ்சியுள்ளது: ஐ–மீ, ஹீ–ஹிம், ஷீ–ஹெர், வீ–அஸ், தே–தெம், ஹூ–ஹூம். ‘யூ’, ‘இட்’ என்பன திரியா. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்திலோ, முன்னிலைப் பன்மையில் ‘யீ’ எழுவாயாகவும் ‘யூ’ செயப்படுபொருளாகவும் வழங்குதலைக் காணலாம்.

இனி, மயக்கம் எழும் இடங்களை நோக்குவோம். ‘என்னை’ என்பது பெரும்பாலும் ‘மீ’யாம். ‘எனக்கு’ என்பதோ அத்தகையதன்று. ‘எனக்குக் கொடுத்தான்’ என்புழி அது ‘மீ’. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பசிக்கிறது’ என்புழி அதுவே ‘ஐ’. ஆதலின் உருபை உருபாகப் பெயர்த்தல் தவறாம். ஆங்கில வினைக்கு எழுவாய் யாது என வினவுதலே முறை. மேலும் என்னோடு, எனக்காக, என்னிடமிருந்து எனத் தமிழ் பல உருபுகளால் கூறுவதை, ஆங்கிலம் முன்னிடைச்சொல்லின்பின் ‘மீ’ ஒன்றையே நிறுத்திக் கூறும்.

‘தலைவர் அவனையும் என்னையும் அழைத்தார்’ என்பதில் உருபு ஈரிடத்தும் வருதல்போல, ஆங்கிலத்திலும் ‘ஹிம் அண்ட் மீ’ என்றே வரும். ‘ஐ’ என்பதே மரியாதையெனக் கருதி அதனை இங்கே எழுதுவாருளர். உடன் நிற்கும் பெயரை நீக்கிப் பார்ப்பின் பிழை தானே விளங்கும்.

இவ்வேறுபாடு வெறும் நுணுக்கமன்று. ‘ஆசிரியர் அவனை மிகுதியும் நேசிக்கிறார்’ என்னும் கருத்தோடு ஒப்புமை கூறுங்கால், ஆங்கிலத் தொடரின் இறுதியில் ‘ஐ’ நின்றால், நான் அவனை நேசிப்பதினும் மிகுதியாக என்பது பொருள். ‘மீ’ நின்றால், என்னை நேசிப்பதினும் மிகுதியாக என்பது பொருள். முன்னையது ஆசிரியரின் அன்பைப் பாராட்டுவது. பின்னையது அவர்மேல் முறையிடுவது. எழுதுமுன் இதனைச் சிந்திப்பது மாணவர் கடனாம்.